ஜெயமேரி போதும் சொல்லாத கார்

திண்டுக்கல்லிலிருந்து வத்தலக்குண்டு போகிற சாலையில், ஊர் ஓய்ந்து தென்னந்தோப்புகள் தலைகாட்டும் இடத்தில் ஜெயமேரியின் டயர் கடை இருக்கிறது. வாசலில் பெரிய பெயர்ப் பலகை உண்டு. அதை யாரும் படிப்பதில்லை. "மேரியக்கா கடைகிட்ட நிப்பாட்டு" என்றால் பஸ் கண்டக்டருக்குக்கூடப் புரிந்துவிடும்.

முதலில் அது வெறும் பஞ்சர் கடையாகத்தான் இருந்தது. அவள் கணவர் ராயப்பராஜ் நிலக்கோட்டையிலிருந்து பூ வேன் ஓட்டிக்கொண்டிருந்த காலம். ஒருநாள் திரும்பி வரும் வழியில் தேங்காய் லோடு ஏற்றப் போனார். அடுக்கிய மூட்டைகள் சரிந்து காலில் விழுந்தன. கட்டிலோடு கிடக்கும் கணவனையும், பள்ளிக்கூடம் போகிற ஒற்றை மகளையும் வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள்? அழுதாள். அழுது முடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, அண்ணன் மூடிவிட்டுப் போன பஞ்சர் கடையின் சாவியை வாங்கினாள். சேலைக்கு மேல் ராயப்பராஜின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு ரோட்டோரம் போய் உட்கார்ந்தாள்.

பொம்பளை ஒட்டின பஞ்சர் தாங்குமா என்று கார்க்காரர்கள் நிற்காமல் போனார்கள். நின்றவர்கள் பூ வேன்காரர்கள்தான். அவர்களுக்கு வேறு வழியில்லை. மல்லிகை மொட்டு விரிவதற்குள் அடுத்த ஊர் மார்க்கெட்டில் இறங்கியாக வேண்டும். வழியில் டயர் தகராறு செய்தால் அவர்களுக்கு விளக்கம் வேண்டாம், ஒரே ஒரு வார்த்தை போதும். ஓடுமா, ஓடாதா? ஜெயமேரி டயரைத் தட்டுவாள், தடவுவாள், குனிந்து முகர்ந்துகூடப் பார்ப்பாள். பிறகு அந்த ஒரு வார்த்தையைச் சொல்வாள்.

"போதும். கெளம்பு."

மேரியக்கா போதும் என்று சொல்லிவிட்டால் கோயம்புத்தூர் வரைக்கும் கவலை இல்லை என்று டிரைவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டானது. பஞ்சர் கடை டயர் கடையாக வளர்ந்தது. பெரிய கம்பெனி டயர்கள் அவள் கடையில் இல்லை. எல்லாம் மலிவு டயர்கள். வேனுக்கும் ஆட்டோவுக்கும் காய்கறி ஏற்றுகிற குட்டி லாரிக்கும் அவை நன்றாகவே உழைத்தன. "பேருக்கு ஒரு விலை, ரப்பருக்கு ஒரு விலை. நான் ரப்பரை மட்டும் விக்கிறேன்" என்பாள்.

அவளுக்கு இன்னொரு வழக்கமும் உண்டு. புது டயர் மாட்டிய எந்த வண்டியிலும் அவளே ஏறி ஒரு நடை போய் வருவாள். வண்டி ஓட்டத் தெரியாது. அதனால் டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்காருவாள். செருப்பைக் கழற்றிக் கடையிலேயே விட்டுவிட்டு, வெறும் காலை வண்டியின் தரையில் ஊன்றிக் கண்ணை மூடிக்கொள்வாள். சக்கரம் சொல்வதெல்லாம் உள்ளங்காலுக்கு வந்துவிடும் என்பது அவள் நம்பிக்கை. திரும்பி வந்து இறங்கும்போதுதான் அந்த வார்த்தை வெளியே வரும்.

வண்டிகளுக்கு அத்தனை தாராளமாகப் போதும் சொன்னவளுக்கு வாய்த்த மகள் அனிஷா. அவள் எதற்கும் போதும் என்று அடங்குகிறவள் அல்ல. நர்ஸ் படிப்பு படித்து ஓசூருக்கு வேலைக்குப் போனாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த சேவுகம்பட்டிப் பையன் சிவபிரகாஷை விரும்பினாள். அம்மா, மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்து ஊரறியக் கல்யாணம் செய்து வைக்கக் கனவு கண்டுகொண்டிருக்க, மகள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மாலையோடு வந்து வாசலில் நின்றாள். ஜெயமேரி அவள் பக்கத்தில் நின்றவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இனிமே இது உன் வீடு இல்ல. போ."

அவ்வளவுதான். அந்த வார்த்தையைச் சொன்னவளுக்குத் திரும்ப எடுக்கத் தெரியவில்லை. கேட்டவளுக்கு மறக்கத் தெரியவில்லை. இரண்டு கிறிஸ்துமஸ் போய்விட்டது. ராயப்பராஜ் மட்டும் டீக்கடைப் பக்கம் ஒதுங்கி மகளோடு போனில் பேசுவார். அது மனைவிக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவர் போனைச் சார்ஜில் போட்டுவிட்டுக் குளிக்கப் போகும்போதெல்லாம், மகளும் மருமகனும் சேர்ந்து நிற்கும் அந்தச் சின்னப் படத்தை ஜெயமேரி விரலால் பெரிதாக்கிப் பார்ப்பது அவருக்குத் தெரியாது.

அன்றைக்குக் காலையிலிருந்தே ராயப்பராஜ் ஒரு நிலையில் இல்லை.

"மேரி, மாதா சபைக் கூட்டத்துக்கு நேரமாச்சே, போகலையா?"

"சிஸ்டருக்குக் காய்ச்சல். கூட்டம் கெடையாது."

"ஆளில்லாட்டி என்ன, நீயா போயி ஒரு செவமாலை சொல்லிட்டு வரலாம்ல?"

"எனக்குச் செவமாலை சொல்ல நீங்க ஞாபகப்படுத்துற காலமாயிருச்சா? என்ன, என்னை வெரட்டுறீங்க?"

அவர் பதில் சொல்லும் முன்பே அந்தக் கார் வந்து நின்றது. சிவப்பு நிறம். தரையை ஒட்டிப் பதுங்கினாற்போன்ற உடம்பு. நின்ற பிறகும் இன்ஜின் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. பட்டையான நான்கு டயர்களும் தேய்ந்து வழுக்கையாக இருந்தன. ராயப்பராஜ் கையிலிருந்த டீ வேட்டியில் கொட்டியது.

இறங்கியவனைப் பார்த்ததும் ஜெயமேரிக்கு நெஞ்சுக்குள் என்னவோ சறுக்கியது. தாடையில் அந்தக் குழி. இடது புருவத்தில் அந்த வெட்டு. எத்தனை முறை விரலால் பெரிதாக்கிப் பார்த்த முகம். கூட்டத்துக்குத் தன்னை விரட்டியது எதற்கென்று அவளுக்கு நொடியில் விளங்கிவிட்டது. தெரிந்ததாகக் காட்டிக்கொள்வதா? அவளா?

"வாங்க தம்பி. என்ன வேணும்?"

மாமனாரைத் தேடி வந்தவன் மாமியாரைக் கண்டு விக்கித்து நின்றான். பிறகு சமாளித்துக்கொண்டு, "டயர் மாத்தணும்மா" என்றான்.

"எந்த ஊரு?"

"சேவுகம்பட்டி பக்கம்."

"சேவுகம்பட்டியா, பக்கமா?"

"சேவுகம்பட்டிதாம்மா."

ராயப்பராஜ் இடையில் புகுந்தார். "மேரி, மாப்ள அவசரமாப் போகணுமாம். சட்டுனு பாத்து விடு."

"யாரு மாப்ள?"

"அட, நம்ம பக்கத்துல யாரைத்தான் மாப்ளேன்னு கூப்பிடல? டீக்கடைக்காரனையுந்தான் கூப்பிடுறேன்."

"டீக்கடைக்காரருக்கு அறுபது வயசு."

"அதனால என்ன, அவனுக்கும் யாரோ பொண்ணு குடுத்திருக்காங்கள்ல?"

ஜெயமேரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு காரைச் சுற்றி வந்தாள். குனிந்து ஒரு டயரைத் தடவினாள். உள்ளங்கையில் எதுவும் தட்டுப்படவில்லை, சலவைக்கல் மாதிரி இருந்தது. இதிலா வந்தான்? இதிலா அவளையும் கூட்டிக்கொண்டு ஓசூரிலிருந்து வந்தான்? கேள்வியை விழுங்கிக்கொண்டு அடுத்த டயருக்கு நகர்ந்தாள்.

"நல்ல வேகமான காரு போல."

"போகும்மா. ஆனா நான் வேகமாப் போறதில்ல."

"போகாதவருக்கு எதுக்கு இம்புட்டு பெரிய இன்ஜினு?"

"வாங்கும்போது தனி ஆளு. செகண்ட் ஹேண்டுல ஆசைப்பட்டு வாங்கினேன். இப்ப..." அவன் தரையைப் பார்த்தான். "இப்ப வீட்டுல மாசமா இருக்காங்க. ஏழு மாசம். இன்னைக்கு சாயங்காலம் வளைகாப்பு."

சக்கரத்தின் நட்டைத் தளர்த்திக்கொண்டிருந்த ஜெயமேரியின் ஸ்பேனர் அசையாமல் நின்றது. பிறகு தொடர்ந்தது.

"வளைகாப்பு முடிஞ்சதும் பொண்ணு பெறந்த வீட்டுக்குல்ல போகணும்?"

"ஆமாம்மா. வளையல் போட்ட பிள்ள அன்னைக்கு ராத்திரி புருசன் வீட்ல தங்கக்கூடாதுங்கிறாங்க எங்கம்மா. இவளுக்குப் போக வேற எடம் இல்ல. அதான் நேரா ஓசூருக்கே கூட்டிட்டுப் போயிரலாம்னு. இந்த டயரோட அவ்வளவு தூரம் போகாதேன்னு ஒருத்தர் சொன்னாரு."

சொன்ன அந்த ஒருத்தர் சுவரில் மாட்டியிருந்த காலண்டரை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார்.

போக வேற எடம் இல்ல. அவன் சாதாரணமாகத்தான் சொன்னான், குத்திக் காட்டுகிற தொனிகூட இல்லை. குத்தியிருந்தால் ஜெயமேரி திருப்பிக் குத்தியிருப்பாள்.  திருப்பிக் குத்த வழியில்லாத இடத்தில் அவளுக்குக் கோபம்தான் வரும்.

"எந்த மாதிரி டயர் பாக்குறீங்க?"

"கம்மி வெலையிலயே போதும்மா. ஆஸ்பத்திரி செலவு வரப்போகுது. நான் மெதுவாத்தான் ஓட்டுவேன்."

"போதும்னு இந்தக் கடையில நான்தான் சொல்லணும்."

இருந்தாலும் பலகையில் ஏறி அந்த நான்கு டயர்களை இறக்கினாள். யாரோ ஒருவர் சொல்லி வைத்துவிட்டு வாங்க வராமல் போன மலிவு டயர்கள். அளவு பொருந்தியது. எவ்வளவு வேகம் தாங்கும் என்று பக்கவாட்டில் எழுதியிருந்த குறியும் அந்தக் காருக்கு ஒத்துத்தான் இருந்தது. கேட்டதைக் கொடுக்கிறேன், வந்த வாடிக்கையாளர், எனக்கென்ன என்று தன்னைத்தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். மெஷினில் வைத்துப் பழையதைக் கழற்றினாள், புதியதை ஏற்றினாள், காற்றுப் பிடித்தாள். கை தன்பாட்டில் வேலை பார்த்தது. மனசு சேவுகம்பட்டிக்குப் போய்விட்டது. ஏழு மாசம். வயிறு எப்படி இருக்கும்? குனிய முடியாமல் கஷ்டப்படுவாளோ?

மாட்டி முடித்ததும் வழக்கம்போல் செருப்பைக் கழற்றினாள்.

"வண்டியை எடுங்க. ஒரு நடை போயிட்டு வருவோம்."

"நீங்களுமாம்மா?"

"நான் ஏறாம எந்த வண்டியும் இங்கிருந்து போனதில்ல."

ராயப்பராஜ் சிலுவை போட்டுக்கொண்டார்.

சீட்டு தாழ்வாக இருந்தது. உட்காரவே ஒரு கை பிடிக்க வேண்டியிருந்தது. முதுகுப் பக்கம் நன்றாகச் சாய்த்து, பின்னால் தள்ளி விடப்பட்டிருந்தது. காலை நீட்டித் தரையில் ஊன்றிக் கண்ணை மூடிக்கொண்டாள்.

வானம் சற்று முன்புதான் இருட்டிக்கொண்டு வந்து செத்த நேரம் தூறிவிட்டுப் போயிருந்தது. ரோட்டில் தண்ணீர் தேங்கவில்லை. பல நாள் தூசியும் எண்ணெயும் நனைந்து மினுமினுத்தன. கார் புறப்பட்டது. நேர் ரோட்டில் வெண்ணெய் மாதிரிப் போனது. அவன் சொன்னது பொய்யில்லை, மெதுவாகத்தான் ஓட்டினான். ஆனால் அந்தக் காருக்கு மெதுவாகப் போவது பழக்கமில்லை. அவன் காலால் தொட்டாலே அது தாவியது. ஜெயமேரியின் உள்ளங்காலுக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. இன்ஜின் ஒரு சொல் சொல்ல, டயர் அதைக் கேட்டுச் செய்வதற்குள் ஒரு தயக்கம். வேனில் அந்தத் தயக்கத்தை அவள் கண்டதே இல்லை. வேன் அப்படி எதுவும் சொல்வதில்லை.

அப்போதுதான் காலில் ஏதோ தட்டுப்பட்டது. கண்ணைத் திறந்து குனிந்தாள்.

ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. பெண்கள் செருப்பு. வார் இரண்டும் நைந்துபோய் அகலமாகி இருந்தன. அனிஷாவின் கால் அளவு அவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு பள்ளிக்கூடத் திறப்புக்கும் ஷூ வாங்கிக் கொடுத்தவள் அவள்தானே. இது அதைவிடப் பெரியது. நல்ல அளவு பெரியது.

கால் வீங்கியிருக்கிறது என் பிள்ளைக்கு.

தான் எந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறோம் என்பது அவளுக்கு அந்த நொடியில்தான் உறைத்தது.

"பாத்து..." என்றாள். எதைப் பார்த்துச் சொன்னாளோ தெரியாது. அதே நேரம் தோப்பு வேலியிலிருந்து ஓர் ஆட்டுக்குட்டி ரோட்டுக்குத் துள்ளியது. சிவபிரகாஷ் பிரேக்கை மிதித்தான். ஜெயமேரியின் காலடியில் தரை கடகடவென்று அதிர்ந்தது. கார் நிற்கவில்லை. பிரேக் பிடித்தது, சக்கரமும் கேட்டது, ரோடு மட்டும் வழுக்கிக்கொண்டே போனது. எவ்வளவு நேரம்? கண் மூடித் திறக்கும் நேரம்தான். ஆனால் அதற்குள் ஒரு தாய்க்கு என்னென்னவோ கண்ணில் வந்து போய்விட்டது.

கார் நின்றது. ஆட்டுக்குட்டி பம்பருக்கு ஒரு சாண் தள்ளி நின்று, ஒன்றும் நடக்காததுபோல் கத்தியது.

ஆட்டுக்காரி ராமுத்தாய் கம்போடு ஓடி வந்தாள். "ஏலே, கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு? வழுக்குமரம் ஏறுற மாதிரில்ல வாரே!" உள்ளே எட்டிப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள். "மேரியக்காவா? டயர்க்காரி இருக்கும்போதே இந்தக் காரு இப்படிச் சறுக்குதே, இல்லாட்டி என்னாகும்?"

குட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். சிவபிரகாஷ் காரை ஓரங்கட்டினான். ஜெயமேரி தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் அங்கே கை போனது என்று அவளுக்கே தெரியவில்லை.

பிறகு குனிந்து அந்தச் செருப்பின் வாரைத் தடவினாள்.

"அவளுக்குக் கால் ரொம்ப வீங்கியிருக்கா?"

அவன் திரும்பிப் பார்த்தான். மெல்ல அவன் முகம் மாறியது.

"ஆமா அத்தை. சாயங்காலமானா செருப்பே போட முடியல. இது என் அளவுக்கு வாங்கினது."

அத்தை. அந்த வார்த்தை அவள்மேல் வந்து விழுந்து, எங்கோ இறுகிக் கிடந்த ஒரு நட்டை ஒரே திருகில் தளர்த்திவிட்டது. ஜெயமேரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன். பிரஷர் சரியாத்தான் இருக்குன்னாங்க. காலைத் தூக்கி வச்சுப் படுக்கச் சொன்னாங்க."

"காலைத் தூக்கி வச்சுப் படுக்கச் சொன்ன பிள்ளையை ராத்திரியில ஓசூருக்கு உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போறியாக்கும்."

அவன் காரை மெல்லக் கடைப் பக்கம் திருப்பினான்.

கடைக்குத் திரும்பியதும் அவள் முதலில் எடுத்தது காற்று அளக்கும் கருவியைத்தான். ஒரு டயரில் வைத்துப் பார்த்தாள். அடுத்ததில் வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ராயப்பராஜ் நொண்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தார். "என்னடி இது, லோடு காத்துப் புடிச்சிருக்க? காய்கறி மூட்டையா ஏத்தப்போறாரு மாப்ள?"

"கை பழக்கம். மனசு இங்க இல்ல."

எத்தனையோ வருஷமாகக் காய்கறி வண்டிக்கும் குட்டி லாரிக்கும் கல் மாதிரிக் காற்றுப் பிடித்த கை, காருக்கும் அதையே பிடித்துவிட்டது. டயர் ரோட்டில் பதியாமல் நடுவில் மட்டும் நின்றிருக்கிறது. அவள் குனிந்து ஒவ்வொன்றாகக் காற்றை இறக்கினாள். சிவபிரகாஷ் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கதவோரத்தில் ஒட்டியிருந்த அளவைப் படித்துச் சொன்னான்.

"அப்ப சறுக்கினது காத்தாலதானா அத்தை? இப்ப சரியாயிருச்சுல்ல. இந்த டயரே போதும்ல?"

ஜெயமேரி எழுந்தாள். இடுப்பில் கை வைத்து அந்தக் காரையும் அந்த டயர்களையும் பார்த்தாள். வாய்வரை வந்த அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்தாள். வரவில்லை. வாழ்நாளில் அவள் அதிகம் சொன்ன வார்த்தை அது. இன்றைக்கு வரவில்லை.

"காத்தாலயும்தான். புது டயரு, மேல இருக்குற வழவழப்பு போகல, அதாலயும்தான். ரோடு நனைஞ்சிருந்துச்சு. எல்லாம் உண்மை. ஆனா அது மட்டும் இல்ல மாப்ள."

மாப்ள என்றதைக் கேட்டு ராயப்பராஜ் காலண்டருக்கே திரும்பிவிட்டார். கண்ணைத் துடைப்பதற்கு அவருக்கும் ஒரு மறைவு வேண்டியிருந்தது.

"இந்த டயரைக் கெட்ட டயருன்னு நான் சொல்ல மாட்டேன். என் வீட்டு அடுப்பு எரிஞ்சது இதுலதான். உன் பொண்டாட்டியப் படிக்க வச்சது இதுலதான். வேனுக்கு மாட்டினா போதும்னு கண்ணை மூடிக்கிட்டு சொல்வேன். வேனு தன் தெம்பு தெரிஞ்சு போகும். இந்தக் காரு வேற. இதுக்கு ஓடுற தெம்பும் ஜாஸ்தி, நிக்கிற தெம்பும் ஜாஸ்தி. அம்புட்டையும் தாங்கி ரோட்டுல புடிக்கிறது இந்த நாலு உள்ளங்கை எடந்தான். அந்த எடத்துல நாம சிக்கனம் பண்ணினா, நல்ல ரோட்டுல, வெயில்ல, ஒண்ணும் தெரியாது. மழையில திடீர்னு நிக்கணுங்கிறப்பத்தான் தெரியும். நாலடி தள்ளி நிக்கும்."

"நான் வேகமாப் போக மாட்டேன் அத்தை. சத்தியமா."

"நீ போக மாட்ட. அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். குறுக்க வந்த ஆட்டுக்குட்டிக்குத் தெரிஞ்சுதா?"

 அவள் போனை எடுத்து மதுரையில் தெரிந்த ஒரு மொத்த வியாபாரியைக் கூப்பிட்டாள். தன் கடைக்கு ஒருநாளும் வாங்காத உயர்ந்த ரக டயரின் பெயரைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டு, நான்கு வேண்டும், பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள் என்றாள். நாளைக்குத்தான் முடியும் என்று பதில் வந்தது.

"அத்தை, இப்ப என்னால அதுக்கு..."

"பேசாத. மருமகன்கிட்ட யாவாரம் பண்ணுற குடும்பமா இது?"

"சாயங்காலம் எப்படிப் போறது?"

ஜெயமேரி கடைக்குள் போனாள். ஜாக்கியைத் தள்ளிக்கொண்டு வந்து காரைத் தூக்கினாள். தான் மாட்டிய நான்கு சக்கரங்களையும் தானே கழற்றினாள். சிவப்புக் கார் நான்கு கட்டைகள்மேல் கால் இல்லாமல் உட்கார்ந்தது. இனி அவன் நினைத்தாலும் ஓசூருக்குப் போக முடியாது.

பிறகு கடை அலமாரியைத் திறந்து, வால்வு டப்பாக்களுக்குப் பின்னால் கையை விட்டாள். நாளிதழ்த் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் வந்தது. ராயப்பராஜ் வாயைப் பிளந்தார். பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள்.

"இது எப்ப வாங்கின?"

"நீங்க டீக்கடையில போயி மறைஞ்சு நின்னு, 'அஞ்சு மாசமாடா கண்ணு'ன்னு சத்தம் போட்டுக் கேட்டீங்கள்ல, அப்ப."

"எனக்குத் தெரியாம இதெல்லாம் செய்யிற ஆளா நீ?"

"போயி வேட்டியை மாத்துங்க. டீ கறையோட சம்பந்தி வீட்டுக்கு வாரதா?"

கடையின் பழைய வேனைத்தான் எடுத்தார்கள். ராயப்பராஜ் பூ ஏற்றிய அதே வேன். இப்போது டயர் ஏற்றுகிறது. ரப்பர் வாடையோடு மல்லிகை வாடையும் அதன் தகரத்துக்குள் இன்னும் இருந்தது. சிவபிரகாஷ் ஓட்டினான். புறப்படும்முன் ஜெயமேரி காருக்குத் திரும்பிப் போய், அந்த ரப்பர் செருப்பை எடுத்து ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டாள்.

சேவுகம்பட்டியில் வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தார்கள். நல்ல நேரம் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் வளையல் போடத் தொடங்கவில்லை. வேன் நின்றதும் சிவபிரகாஷின் அம்மா ஒச்சம்மாள் வாசலுக்கு வந்தாள். ஜெயமேரியை அவள் இதற்குமுன் பார்த்ததில்லை. பார்த்ததும் தெரிந்துகொண்டாள், மருமகளின் மூக்கு அப்படியே அங்கே இருந்தது.

"வாங்க மதினி. முதக் காப்பு பெத்தவதான் போடணும். எல்லாரும் கேட்டாங்க, யாருக்காகக் காத்திருக்கேன்னு. எனக்கே தெரியல, ஆனாலும் உக்காந்திருந்தேன்."

ஜெயமேரி ஒச்சம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

மணையில் அனிஷா உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சந்தனம், தலைகொள்ளாத மல்லிகை, மேடிட்ட வயிறு. அம்மாவைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தாள். முடியவில்லை. உதடு மட்டும் துடித்தது. ஜெயமேரி எதிரே மண்டியிட்டு உட்கார்ந்து, ஒச்சம்மாள் நீட்டிய வேப்பிலைக் காப்பை வாங்கி மகளின் கையில் மாட்டினாள். பிறகு பச்சை வளையல், பிறகு சிவப்பு. ரப்பரும் இரும்பும் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள், கண்ணாடியை உடையாமல் ஏற்றுவதற்கு அத்தனை மெதுவாக நகர்ந்தன. அவள் கண்ணீர் மகளின் மணிக்கட்டில் விழுந்தது. அது வளையல் ஏறுவதற்கு வழுக்கிக் கொடுத்தது.

"இறுக்குதாடி?"

"இல்லம்மா."

இரண்டு வருஷத்துக்குப் பிறகு தாயும் மகளும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். பந்தலில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் முந்தானையைத் தேடினார்கள்.

ஐந்து வகைச் சாதம் சாப்பிட்டு முடித்து, விடைபெறும் நேரம் வந்தது. அனிஷா வெறும் காலோடு படியிறங்கினாள். மழை நின்ற தெருவில் சரளைக் கற்கள் பரவிக் கிடந்தன. ஜெயமேரி முன்னால் போய்த் துணிப்பையைத் திறந்தாள். குனிந்து, அந்தச் செருப்பை மகளின் காலடியில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக வைத்தாள்.

"அம்மா, நீங்க ஏன்..." அனிஷா பதறிப்போய்ப் பின்வாங்கினாள். பிறகு செருப்பை உற்றுப் பார்த்தாள். "இது கார்லல்ல கெடந்துச்சு?"

"ஆமா. உன் சீட்டுல உக்காந்து பாத்துட்டுத்தான் வாரேன். போட்டுக்க."

"காரு எங்கம்மா?"

"கடையில கட்டை மேல உக்காந்திருக்கு. அதுக்கு நாளைக்குத்தான் காலு வரும். நீ இப்ப நம்ம வீட்டுக்கு வா."

நம்ம வீடு. அனிஷா செருப்பைப் போட்டுக்கொண்டாள். ஒரு கை புருஷனின் தோளிலும் ஒரு கை அம்மாவின் தோளிலும் வைத்து வேனில் ஏறினாள். முன்னால் மூவருக்குத்தான் இடம். ராயப்பராஜ் சீர்ப் பாத்திரங்களோடும் வாழைத்தாரோடும் பின்னால் ஏறிக்கொண்டார்.

வேன் ஊரைத் தாண்டி வத்தலக்குண்டு சாலைக்குத் திரும்பியது. வயல்களில் மழை ஈரம். சிவபிரகாஷ் அந்தப் பழைய வேனைத் தொட்டில் ஆட்டுவதுபோல் ஓட்டினான். மேடு பள்ளம் வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்தான். சைக்கிளில் போன ஒருவர் மணி அடித்து அவர்களைத் தாண்டிக்கொண்டு போனார்.

அனிஷா அம்மாவின் தோளில் சாய்ந்தாள். வளையல்கள் குலுங்கின.

"ஏம்மா, இந்த வேனுக்கு என்ன டயரு?"

"நம்ம கடை டயருதான். கம்மி வெலை."

"எனக்கு அது போதுமா?" பழைய குறும்பு அந்தக் குரலில் எட்டிப் பார்த்தது.

ஜெயமேரி செருப்பைக் கழற்றிவிட்டு வெறும் காலைத் தரையில் ஊன்றினாள். கண்ணை மூடிக்கொண்டாள். சக்கரம் நான்கும் நிதானமாக, தயக்கமில்லாமல், ரோட்டைப் பிடித்து வந்துகொண்டிருந்தன. கொஞ்ச நேரத்தில் அவள் காலுக்கு மேல் வேறொரு கால் வந்து அமர்ந்தது. வீங்கி, கனத்து, வெதுவெதுப்பாக இருந்தது.

பின்னாலிருந்து ராயப்பராஜ் தகரத்தைத் தட்டினார். "ஏய், முன்னாடி என்ன பேசுறீங்க? எனக்கு ஒண்ணும் கேக்கல. எல்லாம் சரியா இருக்கா?"

"போதும், பேசாம வாங்க" என்றாள் ஜெயமேரி. பிறகு மருமகனிடம் திரும்பி, "இந்த வேகம் போதும் மாப்ள" என்றாள்.